சூளை திறக்கும் நாளில் விருந்தாளி இருக்கவேண்டும்

எங்கள் மட்பாண்டப் பட்டறையில் ஒரு பாத்திரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் கிடையாது. பட்டறையை நடத்தும் அக்கா அதை இரண்டு கையாலும் தூக்கி, அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைப்பார். கன்னம் குளிர்ந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. திரும்பவும் தட்டில் வைத்துவிடுவார். கண்ணுக்கு அது வெளிறி, வறண்டு, எப்போதோ காய்ந்தது போலத்தான் இருக்கும். விரலுக்குக்கூடச் சில வேளை தெரியாது. கன்னம் கண்டுபிடித்துவிடும்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீடு ஒன்றின் கார்க் கொட்டகையில் இருக்கிறது இந்தப் பட்டறை. நாலு மின்சக்கரம், ஒரு மின்சூளை, மூன்று பக்கமும் தட்டுகள். கரையோர ரயில் போகும்போது தட்டிலிருக்கும் கோப்பைகள் மெல்ல அதிரும். மே, ஜூன் மாதங்களில் தென்மேல் பருவமழை பிடித்தால் காற்றிலேயே தண்ணீர்தான். துவைத்த சீலை காயாத ஊரில் களிமண் எப்படிக் காயும்? சாதாரணத் தேநீர்க் கோப்பைக்கே பத்து நாள் எடுக்கும். கொஞ்சம் தடிப்பாகச் செய்த சாடி என்றால் இரண்டு, மூன்று வாரம். பிளாஸ்டிக் உறையால் மூடி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஆறவிட்டு, கன்னத்தில் வைத்துப் பார்த்து... அப்படித்தான் போகும்.

விருந்தாளிக் கலைஞர்களை அழைத்துப் பேச்சும் பயிற்சிப்பட்டறையும் நடத்துவதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ஈரத்தைப் பற்றி எழுதுகிறேனே என்று நினைக்கவேண்டாம். இந்த ஈரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஆறு வருடமாக இங்கே போய் வருகிறேன். முதல் இரண்டு வருடமும் விருந்தாளி வருகிறார் என்றால் எனக்குத் திருவிழா மாதிரி. சனிக்கிழமை பின்னேரம் பேச்சு. வெள்ளைத் துணியைச் சுவரில் கட்டிப் படம் காட்டுவார்கள். பிளேன்டீ, மரக்கறி ரோல்ஸ். கதிரை போதாமல் களிமண் மூட்டைகளின்மேல் ஆட்கள் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பயிற்சி. மாலை ஆறு மணிக்கு எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு விருந்தாளியை வழியனுப்புவோம். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் பதினைந்து பேர் செய்தவை ஈரத்தோடு தட்டில் வரிசையாக இருக்கும். வனைந்ததெல்லாம் அரைவாசி வேலை. மிச்ச அரைவாசி நெருப்பில் இருக்கிறது. அந்த அரைவாசிக்குத்தான் ஆளில்லை.

காய்ந்தபின் முதல் சூடு, எங்களிடம் 1000 பாகை செல்சியஸ். ஆற ஒரு நாள். பிறகு கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி இரண்டாவது சூடு, 1220 பாகை. திரும்பவும் ஆற ஒரு நாள். 100 பாகைக்குக் கீழே இறங்காமல் கதவு திறக்கக்கூடாது. சூளை நிரம்பும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஏழு கோப்பைக்காக அதைப் போட்டால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மின்சாரம் மலிவு என்பதால் அக்கா அந்த நேரத்துக்குள் எவ்வளவு ஏற்றலாமோ அவ்வளவு ஏற்றப் பார்ப்பார். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை வனைந்த பொருள் கைக்கு வர நாலு வாரம், மழைக்காலத்தில் ஆறு வாரம். விருந்தாளி அதற்குள் எங்கேயோ.

ஒரு தடவை முகமூடிப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் நல்ல கலைஞர், நல்ல மனிதர். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார், ஐந்தாம் நாள் விமானம். மூக்கும் நெற்றியும் பெரிதாக, சில இடத்தில் இரண்டு விரல் தடிப்பில் எல்லோரும் செய்தோம். அவர் போகுமுன் ஒரு சூடாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாங்களும் ஆசைப்பட்டோம். மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வைத்தோம். கன்னத்தில் வைத்துப் பார்த்த அக்கா, "குளிருது, வேண்டாம்" என்றார். நான்தான், "பரவாயில்லை அக்கா, மெதுவா ஏத்துவம்" என்று சொன்னேன். அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

இரவு பதினொன்றரைக்கு முதல் சத்தம். தூரத்தில் யாரோ பலகையைத் தட்டியது போல. பிறகு இன்னொன்று. களிமண்ணுக்குள் மிஞ்சியிருக்கும் தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியதும் ஆவியாகும். ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். தடித்த சுவருக்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது? உடைத்துக்கொண்டு வெளியே வரும். சூளையை நிறுத்திவிட்டு விடியும்வரை அங்கேயே இருந்தோம். பதினாறில் பதினொன்று போய்விட்டது. உடைந்தவை பக்கத்திலிருந்த நல்லவற்றையும் அடித்து நொறுக்கியிருந்தன. துண்டுகளைப் பொறுக்கும்போது ஒரு மூக்கு முழுசாகக் கிடைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பிள்ளை ஒன்று தன் அப்பாவின் மூக்கைப் பார்த்துச் செய்தது அது. இன்னும் வைத்திருக்கிறாள்.

விருந்தாளிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். மிகவும் வருந்தி, அன்பாகப் பதில் எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தவறு அந்த ஏற்பாட்டில் இருந்தது. மண்ணுக்கு ஒரு காலம் இருக்கிறது. நாங்கள் அதை ஒருவருடைய பயணச் சீட்டுக்குள் அடக்கப் பார்த்தோம்.

விருந்தாளி வந்து செய்து காட்டுவதில் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் துறையில் அப்படிப்பட்ட வருகைகள் பெரிய திருப்பங்களைத் தந்திருக்கின்றன. 1952இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவும் இங்கிலாந்தின் பெர்னார்ட் லீச்சும், கைவினைகளைப் பற்றிச் சிந்தித்து எழுதிய சோயெட்சு யனாகியோடு சேர்ந்து அமெரிக்கா முழுவதும் போய்ப் பேசினார்கள், வனைந்து காட்டினார்கள். மொன்டானாவில் பழைய செங்கல் தொழிற்சாலையோடு சேர்ந்திருந்த ஆர்ச்சி பிரே நிலையத்துக்கும் வந்தார்கள். அங்கே அப்போது இருந்த இளைஞர்களில் ஒருவர் பீட்டர் வோல்கோஸ். சில வருடங்களில் அமெரிக்க மட்கலையையே தலைகீழாகப் புரட்டியவர். பிரமாண்டமான, கிழிந்த, வெட்டி ஒட்டிய உருவங்கள். ஹமாடாவின் அமைதியான கிண்ணங்களுக்கும் இவற்றுக்கும் வெளிப்பார்வைக்கு ஒரு உறவும் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. விருந்தாளியைப் பார்த்து அப்படியே செய்பவரிடம் அந்த வருகை தங்குவதில்லை.

இன்னொருவர் லாடி குவாலி. நைஜீரியாவின் குவாலி ஊர்க்காரி, சிறுவயதிலிருந்தே தண்ணீர்க் குடம் செய்தவர். அன்று அபுஜா எனப்பட்ட, இன்றைய சுலேஜாவில் ஆங்கிலேயக் குயவர் மைக்கல் கார்டியூ தொடங்கிய மட்பாண்டப் பயிற்சி நிலையத்தில் 1954இல் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்திலும், 1972இல் அமெரிக்காவிலும் மக்கள் முன்னால் செய்து காட்டினார். சக்கரம் கிடையாது. குடம் அசையாமல் நிற்கும், அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நடந்துகொண்டே சுவரை எழுப்புவார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர் வருடக்கணக்காகச் சக்கரத்தில் பயின்றவர்கள். சக்கரம் சுற்றவேண்டிய அவசியமில்லை, ஆள் சுற்றினாலும் போதும் என்பதைக் கண்ணால் கண்டார்கள். நைஜீரியாவின் 20 நைரா தாளின் பின்பக்கத்தில் இன்று அவர் குடத்தோடு இருக்கிறார்.

ஆனால் இவையெல்லாம் பார்வைக்குக் கிடைத்த பாடங்கள். நெருப்பின் பாடம் வேறு. அதற்கு ஓரிடத்தில் இருக்கவேண்டும். நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே படிக்கப் போனவர்கள் மாதக்கணக்கில் தங்கி, களிமண் பிசைவதிலிருந்து சூளை எரிப்பது வரை செய்தார்கள். மீக்கர் ஒரு படி மேலே போய், மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து எரித்துச் சுட்டெடுத்தார். இன்று இந்தியாவில் பெயர் சொல்லும் மட்கலைஞர்கள் பலர் அந்தப் பட்டறை வழியாக வந்தவர்கள் என்றால், அங்கே அவர்கள் உருவமும் படித்தார்கள், நெருப்பும் படித்தார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம்மால் யாரையும் மாதக்கணக்கில் தங்கவைக்க முடியாது. கார்க் கொட்டகைதானே. அப்போதுதான் அக்கா ஒரு முடிவெடுத்தார். இனி யாரை அழைத்தாலும் இரண்டு தடவை அழைப்பது. முதல் தடவை செய்ய. இரண்டாம் தடவை சூளை திறக்க. பேச்சு இரண்டாம் நாளுக்கு. படம் காட்டுவது வேண்டாம் என்றில்லை, ஆனால் மேசையில் எங்கள் பொருட்கள் இருக்கவேண்டும், நல்லதும் கெட்டதும். இரண்டாவது பயணச் செலவையும் நாட்கூலியையும் ஆரம்பத்திலேயே பயிற்சிக் கட்டணத்தில் சேர்த்துவிடுவது. கட்டணம் கூடியது, ஆட்கள் கொஞ்சம் குறைந்தார்கள். பெரிய பெயருள்ள இரண்டு பேர் நேரமில்லை என்றார்கள். அக்கா அசையவில்லை.

முதலில் ஒத்துக்கொண்டவர் ஒரு அன்ரி. ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கிளேஸ் கலக்கும் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்று, அதன்பிறகு தானே வனையத் தொடங்கியவர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகான காலம் அது. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கமாட்டோம். சூளை மாதக்கணக்கில் குளிர்ந்து கிடந்தது. மின்சாரம் வந்த பிறகு கிளேஸ் இல்லை. இறக்குமதிச் சாமான் கிடைத்தாலும் விலை வாயில் வைக்க முடியாது. அன்ரி வந்து முதல் கேட்டது, "இவ்வளவு நாளும் ஏன் வெளியில இருந்து வாங்கினீங்கள்?" என்றுதான்.

கிளேஸுக்கு வேண்டிய மண்ணும் கல்லும் இங்கேயே இருப்பதைச் சொல்லி, எங்களுக்கு அவர் நாட்டை வேறு மாதிரிக் காட்டினார். வெள்ளை மண்ணான கயோலின், வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், பொரலஸ்கமுவவில் இருக்கிறது. தெற்கே மீட்டியாகொடையிலும் இருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் என்ற கல் மாத்தளைப் பக்கம் ஓவலவில். டோலமைட் மலைநாட்டில். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தது. அதன் சில மணிகள் களிமண்ணில் கலந்தாலே சுட்டபிறகு வெள்ளைக் கிளேஸின் ஊடாகக் கரும்புள்ளிகள் எழும்பும். நாங்கள் வெளிநாட்டுப் படங்களில் பார்த்து ஆசைப்பட்ட அந்தப் புள்ளிகள்தான்.

கிளேஸ் என்பது கண்ணாடி. கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா. ஆனால் சிலிக்கா தனியே உருக 1,700 பாகை வேண்டும். அதை இறக்குவதற்கு உருக்கிகள்: கல்சியம், பொட்டாசியம், சோடியம் போன்றவை. உருகியது சுவரில் வழியாமல் பிடித்து நிற்க அலுமினா, அதற்குக் களிமண். இவ்வளவையும் அன்ரி தமிழிலேயே சொன்னார். ஆறு வருடத்தில் கிளேஸ் பற்றி முழுக்கத் தமிழில் கேட்டது எனக்கு அன்றுதான் முதல் தடவை. பட்டறைப் பேச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், இடையிடையே சிங்களம். விளங்காமல் இல்லை. ஆனால் தமிழில் கேட்டபோது என் பக்கத்திலிருந்த, வழக்கமாக வாயே திறக்காத இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர் கேட்டது: "அப்ப சாம்பல்ல கல்சியம் இருக்குத்தானே?"

அன்ரி காத்திருந்த கேள்வி அது. மூன்று விதச் சாம்பல் கொண்டுவரச் சொன்னார். பாண் போறணையில் எரியும் விறகின் சாம்பல் ஒன்று, பக்கத்துப் பேக்கரியில் கேட்டு வாங்கினோம். தேங்காய்ப் பொச்சுச் சாம்பல் ஒன்று. உமிச் சாம்பல் ஒன்று. மூன்றையும் தண்ணீரில் கரைத்து, மிதப்பதை அள்ளி, அரித்து, காயவைத்தோம். கையுறை போடச் சொன்னார். சாம்பல் தண்ணீர் தோலை அரிக்கும். பிறகு சாம்பலும் ஃபெல்ட்ஸ்பாரும் களிமண்ணும் வெவ்வேறு அளவில் கலந்து, சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகளில் பூசி, ஒவ்வொன்றின் பின்னாலும் எண் எழுதினோம். அறுபத்து மூன்று துண்டு. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அந்த நாள் முடிய எங்கள் கையில் அழகானது ஒன்றுமே இல்லை. பழைய முறையில் விருந்தாளியை அத்தோடு அனுப்பியிருந்தால் ஆட்கள் ஏமாந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து அன்ரி வந்தார். சூளை திறந்தது. உமிச் சாம்பல் கூடின துண்டுகள் அப்படியே வெள்ளை மாவு மாதிரி நின்றன, உருகவே இல்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான், ஆகவே உருக மறுத்தது. பொச்சுச் சாம்பல் துண்டுகள் மினுங்கின, சில வெடிப்புக் கோடுகளோடு. பேக்கரிச் சாம்பல், நாற்பது சதவீதத்துக்கு மேல் போன இடங்களில், சொட்டுச் சொட்டாக ஓடித் துண்டின் அடியில் தேன் நிறத்தில் திரண்டு நின்றது. மேல்பகுதி மெல்லிய வைக்கோல் நிறம், நடுவில் சின்னச் சின்ன ஆறுகள் மாதிரி வரிகள், கீழே தேன். நான் அந்தத் துண்டைக் கையில் எடுத்துவிட்டு வேறு யாருக்கும் கொடுக்காமல் ஐந்து நிமிடம் நின்றேன்.

அன்று அன்ரி பேசிய மூன்று மணித்தியாலமும் அந்த அறுபத்து மூன்று துண்டுகளைப் பற்றித்தான். இது ஏன் ஓடியது, அது ஏன் நின்றது, இதற்கும் அதற்கும் இடையில் என்ன கலந்தால் என்ன வரும். பச்சை நிறம் ஏன் வரவில்லை என்று ஒரு தம்பி கேட்டான். சாம்பலில் உள்ள இரும்பு பச்சையாவதற்குச் சூளைக்குள் காற்றைக் குறைத்து எரிக்கவேண்டும், மின்சூளையில் அப்படிச் செய்தால் சூடேறும் கம்பிச் சுருள்கள் கெட்டுப்போகும், ஆகவே நமக்குத் தேன்தான் என்றார். சரி, தேனே போதும். இன்றைக்கு எங்கள் பட்டறையின் வழமையான கிளேஸ் அதுதான். துண்டு எண் 41.

அப்புறம் வந்தவர் பாஸ். கைதேர்ந்த தொழிலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

கண்டி வீதியில் கேகாலைக்குக் கிட்ட மொலகொடவைக் கடந்திருப்பவர்களுக்குத் தெரியும், வீதியோரம் முழுக்கச் சட்டியும் பானையும் அடுக்கியிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். எழுபது வயதுக்குக் கிட்ட. இரண்டு அரிசிச் சாக்கில் தன் மண்ணைக் கட்டிக்கொண்டு புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து 100ஆம் இலக்க பஸ் என்று வந்து இறங்கினார். எங்கள் மண்ணைத் தொட்டுப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு, இதில சட்டி நிக்காது" என்று சிங்களத்தில் சொன்னார். அக்கா ஆங்கிலத்துக்கு மாற்றினார், நான் தமிழுக்கு. அவர் மண் கருஞ்சாம்பல் நிறம், வயற்பக்கத்து மண். அதில் மணலைக் கொட்டிச் சீமெந்துத் தரையில் காலால் மிதித்துக் குழைத்தார். குதிக்காலால் வெளியிலிருந்து உள்ளே, சுற்றிச் சுற்றி. நாங்களும் மாறி மாறி மிதித்தோம். மணல் பாதத்தில் உறுத்தும். உறுத்தல் எல்லா இடமும் ஒரே மாதிரி வரும்வரை மிதிக்கவேண்டும் என்றார்.

மின்சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றவிட்டு, கழுத்தும் தோளும் மட்டும் வனைந்தார். சுவர் கட்டைவிரல் தடிப்பு. அடியே இல்லை. நூலால் அறுத்து எடுத்தபோது அது அடி திறந்த குழாய் மாதிரி இருந்தது. சட்டி எங்கே என்று எல்லாரும் பார்த்தோம். அவர் அதை நிழலில் வைத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து மண்ணை அழுத்திப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அக்கா அதை "லெதர் ஹார்ட்" என்று மாற்றினார், பட்டறையில் எல்லாரும் பாவிக்கும் சொல். நான் தமிழில் "தோல் பதம்" என்றேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அம்மா ஒருவர் தன் விரலால் அழுத்திவிட்டு, "தோல் இல்லை, இது தொதல் ஆறி வெட்டுற பதம்" என்றார். தேங்காய்ப் பாலில் கிண்டி இறக்கும் அந்த இனிப்பு மாதிரி அப்படியேதான் இருந்தது. அழுத்தினால் அமுங்கும், ஒட்டாது, விட்டால் வடு நிற்கும். பதம் என்ற ஒரு சொல்லுக்குள் பாகும் மாவும் மண்ணும் எல்லாம் அடங்கிவிடுகிறது. அன்றிலிருந்து எங்கள் தமிழ்க்காரர் மத்தியில் தொதல் பதம் என்றுதான் பேச்சு.

பிறகு பாஸ் மடியில் துணி விரித்து, அந்தக் குழாயைக் கவிழ்த்து வைத்தார். இடது கை உள்ளே, அதில் ஒரு உருண்டைக் கல். வலது கையில் ஒரு பலகை. வெளியே பலகையால் தட்ட, உள்ளே கல் சரியாக அதே இடத்தில் ஏந்திக்கொள்ளும். டப், டப், டப். ஒவ்வொரு தட்டுக்கும் மடியில் சட்டி விரல் அகலம் திரும்பும். தடித்த சுவர் மெலிந்து மெலிந்து வெளியே வயிறாகத் தள்ளி, பிறகு உள்ளே வளைந்தது. அடியிலிருந்த ஓட்டை உள்ளங்கை அளவானது, பிறகு எலுமிச்சங்காய், பிறகு ஒரு சதக் காசு. கடைசியில் கல்லை மெதுவாக உருவி எடுத்து, எஞ்சிய சின்னத் துளையை ஈரக் கையால் மூடித் தடவினார். வட்டமான அடி. மூலை இல்லை, ஒட்டு இல்லை. கொட்டகையில் யாரும் பேசவில்லை.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. போன வருடம் நானே செய்த கறிச்சட்டி ஒன்று காஸ் அடுப்பில் வைத்த முதல் நாளே இரண்டாகப் பிளந்தது. 1220 பாகையில் சுட்டது, தண்ணீர் ஒரு சொட்டும் ஊறாது, இரும்பு மாதிரி. அதுவே ஏன் தாங்கவில்லை? துண்டைக் கொண்டுபோயிருந்தேன். பாஸ் விரல் மடக்கித் தட்டினார், கணீர் என்றது. "இது நல்லா வெந்துபோச்சு மகள். கண்ணாடி மாதிரி. அடியில நெருப்புப் பட்டா எங்க விரியிறது? எங்கட சட்டிக்கு உள்ளுக்கு இடம் இருக்கு."

அந்த இடம்தான் விஷயம். குறைந்த சூட்டில் சுட்ட மண்ணில் நுண்துளைகள் நிறைய. கூடவே மணல். ஒரு வெடிப்பு ஓடத் தொடங்கினாலும் அடுத்த துளையில் போய் நின்றுவிடும். அதிசூட்டில் இறுகிய பாத்திரத்தில் வெடிப்புக்குத் தடையே இல்லை. அதோடு தட்டையான அடிக்கும் நேர்ச் சுவருக்கும் இடையிலுள்ள மூலையில்தான் விரிவின் இழுபறி எல்லாம் வந்து சேரும். பாஸின் சட்டிக்கு அந்த மூலையே கிடையாது. நான் உறுதி என்று நினைத்துச் செய்ததுதான் அடுப்பில் பலவீனமாகியிருக்கிறது.

அந்த ஞாயிறு பதினாலு சட்டி செய்தோம். மூன்று வாரம் கழித்து பாஸ் திரும்ப வரும்போது அவை சூளையில் இருந்தன. அவருக்காக 800 பாகையோடு நிறுத்தியிருந்தோம். முதல் ஆறு மணித்தியாலம் சூளையை 90 பாகையிலேயே வைத்திருந்ததை அக்கா சொன்னபோது அவர் தலையாட்டினார். அவர்களும் முதலில் நெருப்பை வைப்பதில்லையாம், வெறும் புகைதான் காட்டுவார்களாம், சட்டியின் தண்ணீர் எல்லாம் போகும்வரை. சூளையின் சூட்டைக் காட்டும் எங்கள் எண்பலகையும் அவருடைய புகையும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. முகமூடி நாளில் இந்த மனிதர் இங்கே இருந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. எல்லாம் ஒரே செம்மண் நிறம். தன்னுடையவை ஒரு பக்கம் கருத்திருக்கும், புகை பட்டு. இது சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டினது மாதிரி இருக்கிறது என்றார். ஒவ்வொன்றாக எடுத்து, காதுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் தட்டினார். நல்லதை வலப்பக்கம், மற்றதை இடப்பக்கம். மூன்று இடப்பக்கம் போயின. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் அவற்றில் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அடியில் நட்சத்திரம் மாதிரி மெல்லிய ஈரக் கோடுகள் வெளியே வந்தன. அடியை மூடிய இடம். "இங்க கல்லும் பலகையும் ஒண்டையொண்டு சந்திக்கேல்லை" என்று, அந்த மூன்றையும் செய்த மூன்று பேரையும் கூப்பிட்டு, அவர்களுடைய கையைப் பிடித்து, வெறும் காற்றில் அந்தத் தட்டைத் தட்டவைத்தார். ஒருத்தி நான். என் இடது கை ஒரு கணம் பிந்துகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் எத்தனை தடவை செய்தபோதும் அது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. நெருப்புத்தான் அதைக் காட்டித் தந்தது, அதைப் படித்துச் சொல்ல அவர் பக்கத்தில் இருந்தார்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இரண்டாவது வருகை முடியாது. அவர்களோடு சூளை திறக்கும்போது வீடியோவில் கதைக்கிறோம். இல்லாததற்கு அது மேல். நிறம் தெரிகிறது, உருவம் தெரிகிறது. எடை தெரியாது, தட்டினால் வரும் சத்தம் பாதிதான் போய்ச் சேர்கிறது. ஆகவே இப்போது அக்கா முதலில் தேடுவது பஸ்ஸில் வந்து போகக்கூடியவர்களைத்தான். இந்த நாட்டிலேயே அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, தேடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பாஸ் போகும்போது நல்லவற்றில் ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார். கொட்டாஞ்சேனை அம்மாவின் சட்டி. வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அக்காவின் போனுக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார், எல்லாரும் கை மண்ணோடு சுற்றி நின்றோம். அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்தாராம். முதல் நாள் பருப்பு வைத்தபோது வெளியே வேர்த்ததாம். இரண்டாம் நாள் குறைந்துவிட்டதாம். மூன்றாம் நாள் தேங்காய்ப் பாலில் கீரை, அடி பிடிக்கவில்லை. ஆனால் விளிம்பு சமமில்லை, மூடி சரியாக உட்காராது, மூடி செய்யத் தனியாக ஒரு நாள் வேண்டும் என்றார்.

அக்கா சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றிக் கையில் எடுத்தார்.